நாலு குழி நிலமும் ஒரு ஃபிளாட்டும்: தஞ்சையில் பத்து வருடம் கழித்து நடந்த ஒரு மறுவிற்பனை

அக்காவின் ஃபிளாட் 2023 மே மாதம் கிரயம் ஆனது. விலை 38 லட்சம். 2013-ல் வாங்கியபோது வரி, பதிவுச் செலவெல்லாம் சேர்த்து 35 லட்சம். சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் "பரவாயில்லையே, மூணு லட்சம் லாபம்" என்றுதான் பேச்சு. அக்கா மட்டும் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வாரம் கழித்து பழைய ரசீது, பாஸ்புக், பத்திரம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு என்னிடம் கொடுத்து, "உண்மையில் என்ன ஆச்சுன்னு நீயே பார்த்துச் சொல்லு" என்றாள். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். அவளும் அத்தானும் சம்மதித்ததால் எண்கள் அப்படியே இருக்கின்றன. பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள்.

வாங்கிய கதை

எங்களுக்கு ஒரத்தநாடு பக்கம் ஒரு கிராமம். அத்தான் அரசு ஊழியர். பிள்ளைகளைத் தஞ்சாவூரில் படிக்க வைக்க வேண்டும் என்று 2013-ல் மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பாதி கட்டி முடிந்திருந்த அடுக்ககத்தில் ஒரு ஃபிளாட் பேசினார்கள். கீழே கார் நிறுத்துமிடம், மேலே மூன்று மாடி, மாடிக்கு மூன்று வீடு, ஆக ஒன்பது வீடு. இவர்களுடையது இரண்டாம் மாடி, 960 சதுர அடி, இரண்டு படுக்கையறை. தஞ்சாவூர் மாநகராட்சி ஆகப்போகிறது, விலை எங்கேயோ போகப்போகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. 2014-ல் மாநகராட்சியும் ஆனது.

சதுர அடி 3,200 ரூபாய் வீதம் 30,72,000. கார் நிறுத்துமிடத்துக்கு 1,50,000. கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு அப்போது சர்வீஸ் டாக்ஸ் 3.09 சதவீதம், அது ஒரு லட்சத்துக்கு நானூறு ஐநூறு குறைவு. மின் இணைப்பு, டெபாசிட் என்று 75,000. பத்திரம் இரண்டு: நிலத்தில் பிரிபடாத பாகத்துக்கு (கட்டடம் நிற்கும் மொத்த மனையில், தனியாக அளந்து பிரிக்காமல் ஒரு வீட்டுக்கு எழுதித் தரும் பங்கு) ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்கு ஒரு ஒப்பந்தம். இரண்டையும் பதிவு செய்த செலவு ஒரு லட்சத்தை ஒட்டி. கூட்டினால் 35 லட்சம். அப்புறம் அலமாரி, கிரில் கதவு, கொசுவலை என்று 2 லட்சம். மொத்தம் 37.

பணம் வந்த வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் பெரும்பாலான டவுன் வீடுகளுக்குப் பின்னால் இதுதான் இருக்கிறது. வங்கிக் கடன் 18 லட்சம், பிஎஃப் பணமும் நகையுமாக 7 லட்சம். மீதி 12 லட்சம், ரோட்டோரம் இருந்த இரண்டு மா நஞ்சையை விற்றது. எங்கள் பக்கம் ஒரு மா என்றால் 100 குழி. ஒரு குழி 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. பத்திரத்தில் அக்காவுக்கு எழுதிக் கொடுத்த பிரிபடாத பாகம் 576 சதுர அடி. அப்பா அதை விரல் விட்டு வகுத்துப் பார்த்தார். நாலு குழி. "இருநூறு குழியை வித்து நாலு குழி வாங்குறோம்" என்றார். அவர் தடுக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கணக்குச் சொன்னார், அவ்வளவுதான். பத்து வருடம் கழித்து இந்த ஃபிளாட்டின் மறுவிற்பனை விலையைப் பிரித்துப் பார்க்கும்போது எனக்கு உதவிய ஒரே அளவுகோல் அந்த நாலு குழிதான்.

விலை இறங்காது, ஆள் வராது

2017 ஜூனில் அத்தானுக்குத் திருச்சிக்கு மாறுதல். குடும்பத்தோடு போனார்கள். ஃபிளாட்டை 38 லட்சத்துக்குச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் வந்து பார்த்தவர்கள் மூன்று பேர். விலை கேட்டவர் ஒருவர்.

அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று வரிசையாகப் பார்த்தால்தான் இது புரியும். 2016-ல் மேட்டூர் அணை செப்டம்பர் 20-ல்தான் திறந்தது, குறுவை இல்லை. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது, சம்பா கருகியது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். நடுவில் 2016 செப்டம்பர் 9-ல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மனையை விற்று ஃபிளாட் வாங்க நினைத்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நவம்பர் 8-ல் பணமதிப்பிழப்பு. 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பை (பத்திரப் பதிவுக்காக அரசு வைக்கும் மதிப்பு) 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக ஏற்றினார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்தால் 11. வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடுகிறவர்களுக்கு இதில் நன்மைதான். ஆனால் வங்கிக் கடன் எடுத்து உண்மையான விலையைப் பத்திரத்தில் காட்டுகிறவர்களுக்கு வழிகாட்டி மதிப்பு குறைந்ததால் ஒரு பயனும் கிடையாது, கூடுதலாக 3 சதவீதச் சுமை மட்டும்தான். பழைய ஃபிளாட் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடன் எடுப்பவர்கள்.

இதற்கு மேல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை வேரோடு சாய்ந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இதற்கும் தஞ்சாவூர் ஃபிளாட் விலைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் வீடு தேடி வருகிறவர்கள் யார்? அரசு ஊழியர்கள், டாக்டர்கள், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர், அப்புறம் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள். தேங்காய் வருமானம் போன ஊரில் டவுன் வீட்டுக்கு முன்பணம் கொடுக்க ஆள் எங்கிருந்து வரும்? ஒரு தென்னை மறுபடி நின்று காய்க்க வருடக்கணக்கில் ஆகும்.

இவ்வளவு நடந்தும் தெருவில் யாரைக் கேட்டாலும் "சதுர அடி 3,600" என்றுதான் சொன்னார்கள். அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் கட்டுநருக்கு இரண்டு வீடு விற்காமல் கிடந்தது. வாசல் பலகையில் அந்த 3,600-ஐ அவர் கடைசிவரை அழிக்கவே இல்லை. ஆனால் நேரில் போய்க் கேட்டால் கார் நிறுத்துமிடம் இலவசம், மரவேலை இலவசம், பத்திரச் செலவு அவருடையது. நான் உட்கார்ந்து கழித்துப் பார்த்தேன். பலகை விலை 34,56,000. இலவசம் என்று சொன்னவற்றின் மதிப்பு சுமார் 5 லட்சம். ஆக உண்மை விலை 29 லட்சத்து 50 ஆயிரத்துக்குப் பக்கம், அதுவும் கார் நிறுத்துமிடத்தோடு. 2013-ல் அக்கா கொடுத்த 32,22,000-த்தோடு ஒப்பிட்டால் எட்டு சதவீத இறக்கம். இறக்கம் இருந்தது, பலகையில் எழுதவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கா மாதிரி நாடுகளில் கடன் கட்ட முடியாத வீடுகள் ஏலத்துக்கு வந்து விலையை வெளிப்படையாக இறக்கிவிடும். இங்கே நம் ஆட்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணை கட்டிவிடுவார்கள், வீட்டைப் பூட்டிப் போட்டாவது வைத்திருப்பார்கள். அதனால் மந்தம் விலையில் தெரியாது, வாசலில் ஆள் வராததில்தான் தெரியும்.

2019 ஜனவரியில் ஒருவர் 29 லட்சத்துக்குக் கேட்டார். "பிச்சைக்கா கேக்குறாங்க" என்று அத்தான் கோபப்பட்டுத் திருப்பி அனுப்பினார். இப்போது பார்த்தால் அந்த மனிதர் கேட்டது அன்றைய சரியான விலை. மூன்றாம் மாடிக் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

காத்திருந்த காலத்தின் செலவு

2018 ஜனவரி முதல் வாடகைக்கு விட்டார்கள். மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள்தான் குடி வந்தார்கள். 8,500-ல் தொடங்கி 11,000 வரை போனது, சராசரி 9,500. 2020-ல் கொரோனா வந்ததும் ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. ஃபிளாட் உரிமையாளர் சங்கத்துக்கு மாதம் 1,500 வீடு காலியாக இருந்தாலும் கட்ட வேண்டும். சொத்து வரி தனி.

கடன் பக்கம் ஒரு தவறு நடந்தது. பலர் வீட்டிலும் இது இருக்கும். 2013-ல் எடுத்தது பேஸ் ரேட் கடன் (வங்கி தானே வைக்கும் அடிப்படை வட்டியைச் சார்ந்த பழைய முறை), 10.25 சதவீதம், மாதத் தவணை 19,600. 2016 ஏப்ரலில், வங்கி பணம் திரட்டும் செலவை வைத்து வட்டி கணக்கிடும் எம்சிஎல்ஆர் முறை வந்தது. 2019 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு இணைந்த கடன் வந்தது. புதிதாக எடுப்பவர்களுக்கு வட்டி குறைந்தது. பழைய கடன்காரர்கள் தாங்களே எழுதிக் கொடுத்து, ஒரு சிறு கட்டணமும் கட்டினால்தான் மாற்றுவார்கள். அத்தானுக்கு இது 2019 கடைசியில்தான் தெரிந்தது. விற்கும் நாள் வரை கட்டிய வட்டி மட்டும் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வருமான வரியில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தது என்பது உண்மைதான்.

சரி, 2019-ல் 29 லட்சத்துக்கே கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பணம் ஏழு சதவீத வட்டியில் கிட்டத்தட்ட நாலரை வருடம் இருந்திருந்தால் 39 லட்சத்துச் சொச்சம். காத்திருந்ததால் கிடைத்தது: 38 லட்சத்தில் தரகு, விற்பதற்கு முன் செய்த பூச்சு வேலை எல்லாம் போக 36,77,000; அதோடு அந்த நாலரை வருட வாடகையில் செலவு போக 3.5 லட்சம். சேர்த்தால் 40 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். வித்தியாசம் ஒரு லட்சம். அதிலும், அந்த 29-ல் பாதியை வைத்துக் கடனை அடைத்திருந்தால் ஏழு சதவீதத்துக்கும் மேலேயே மிச்சமாகியிருக்கும். அப்போது இந்த ஒரு லட்சமும் நிற்காது. நாலரை வருடம் குடித்தனக்காரர் போன் பண்ணுவதற்கெல்லாம் திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தது இந்தக் கணக்கில் இல்லை. இந்த எண்ணை நான் அத்தானிடம் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காணாமல் போன நாலு குழி

2022 செப்டம்பரில் ஒருவர் 39.5 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டு, பத்திர நகலை வாங்கி வக்கீலிடம் கொடுத்தார். வக்கீல் எங்களையும் வரச் சொன்னார். அவருடைய மேசையில் அந்த முழு மனைக்குமான வில்லங்கச் சான்று விரிந்திருந்தது. பென்சிலை எடுத்து ஒவ்வொரு கிரயத்துக்கும் எதிரே 576 என்று எழுதிக்கொண்டே வந்தார். ஒன்பது தடவை எழுதினார். கீழே கோடு போட்டு 5,184 என்று கூட்டினார். அப்புறம் மூலப் பத்திரத்தைத் திருப்பி மனையின் பரப்பைக் காட்டினார்: 5,760. "மீதி 576 யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. சரியாக ஒரு வீட்டுப் பங்கு, நாலு குழி, இன்னும் கட்டுநர் பெயரிலேயே நின்றது. ஒன்பது குடும்பத்தில் ஒருவர்கூட ஒன்பது வருடத்தில் இதைக் கூட்டிப் பார்க்கவில்லை. மொட்டை மாடியின் உரிமையும் பத்திரத்தில் தெளிவாக இல்லை. நாளைக்கு மேலே ஒரு வீடு கட்டிக்கொள்ளவோ, கட்டடத்தை இடித்துக் கட்டும்போது பங்கு கேட்கவோ அந்த நாலு குழி போதும். வாங்க வந்தவர் மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார். அவர் செய்தது சரி.

பிரிபடாத பாகம் என்பது பத்திரத்தில் ஒரு எண், அதற்கு வேலி கிடையாது, வரப்பு கிடையாது. வயலில் அரை அடி வரப்பை வெட்டினால் ஊரே கூடிவிடும். இங்கே நாலு குழி போனது ஒன்பது வருடம் யாருக்கும் தெரியவில்லை.

2023 பிப்ரவரியில் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. மகன் சிங்கப்பூரில். பேரப்பிள்ளைகள் படிப்புக்காக வீடு. வக்கீல் சொன்னதை அக்கா மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டாள். அவர்கள் யோசித்து 38 லட்சம் என்றார்கள். பெரியவர் படியேறி வந்ததும் மூச்சு வாங்க உட்கார்ந்து, "38 படிம்மா, எண்ணிட்டேன்" என்றார். லிஃப்டுக்கு என்று விட்ட இடத்தில் பழைய சைக்கிளும் உடைந்த நாற்காலியும்தான் இருந்தன. லிஃப்ட் கடைசிவரை வரவில்லை. முன்பு வந்தவர் ஒத்துக்கொண்ட 39.5-லிருந்து இவர் ஒன்றரை லட்சம் குறைத்ததில் அந்த நாலு குழிக்கு எவ்வளவு, அந்த 38 படிக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டாயிற்று. மார்ச் 20 பட்ஜெட்டில், ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2 சதவீதம் ஆகும், வழிகாட்டி மதிப்பு 2017-க்கு முந்தைய நிலைக்குத் திரும்பும் என்று அறிவிப்பு. தெருவில் எல்லோரும் "மதிப்பு ஏறப்போகுது, மார்ச்சுக்குள்ள முடிங்க" என்றார்கள். வழிகாட்டி மதிப்புக்கே பதிவு செய்கிறவர்களுக்கு அது பொருந்தும். இவர்கள் முழு 38 லட்சத்தையும் பத்திரத்தில் காட்டுகிறார்கள். மார்ச்சில் பதிந்தால் 11 சதவீதம், 4,18,000. ஏப்ரலுக்குப் பிறகு 9 சதவீதம், 3,42,000. 76,000 மிச்சம். மே மாதம்வரை பொறுத்தார்கள்.

விலையைப் பிரித்துப் பார்த்தால்

அதே தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு மனை விலைக்கே 2022-ல் கைமாறியது, சதுர அடி 3,300. 2013-ல் அந்தத் தெருவில் மனை 1,500. இதை வைத்து அக்காவின் ஃபிளாட்டை இரண்டாகப் பிரிக்கலாம்.

2013-ல் கொடுத்த 32,22,000-ல் நாலு குழி நிலத்தின் மதிப்பு 8,64,000. மீதி 23,58,000 கட்டடத்துக்கும் கட்டுநர் லாபத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும். 2023-ல் வாங்கிய 38 லட்சத்தில் நிலம் சுமார் 19 லட்சம், கட்டடம் 19 லட்சம். நிலம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கட்டடம் பத்து வருடத்தில் நாலரை லட்சம் கரைந்திருக்கிறது. 2013-ல் கொடுத்த பணத்தில் கால்வாசிதான் ஏறும் பொருளுக்குப் போனது, முக்கால்வாசி தேயும் பொருளுக்கு. பலகையில் சதுர அடி விலை என்று எழுதுவது கட்டடத்தின் 960 அடியை. ஏறியது 576 அடிதான்.

பணவீக்கத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும். வருமான வரித் துறையின் குறியீட்டு எண் 2013-14-க்கு 220, 2023-24-க்கு 348. அதன்படி 2013-ன் 35 லட்சம் என்பது 2023-ல் 55 லட்சத்துக்குச் சமம். விற்றது 38. அதனால்தான் வரி ஒரு பைசாவும் வரவில்லை. கணக்கில் 17 லட்சத்துக்கு மேல் நீண்டகால மூலதன நட்டம். அந்த வருட ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்ததால் அந்த நட்டத்தை எட்டு வருடம் வரை எடுத்துச் செல்லலாம், வேறு நீண்டகால மூலதன லாபம் வந்தால் கழித்துக்கொள்ளலாம். அக்காவிடம் நான் இதைத்தான் முதலில் சொன்னேன்: உனக்கு வரி வராததைக் கேட்டுச் சந்தோஷப்படாதே, நட்டம் என்பதால்தான் வரவில்லை.

இப்போது விற்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயமாவது மாறியிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் புது ஃபிளாட்டின் முதல் விற்பனைக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம்; 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம். பழைய ஃபிளாட்டுக்கு 9 சதவீதம்தான். வாங்க வருகிறவர் இந்த மூன்று சதவீதத்தை உங்கள் விலையில் குறைக்கச் சொல்வார். சொல்லாவிட்டாலும் மனதில் வைத்திருப்பார். இன்னொன்று, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்கக உரிமைச் சட்டம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட வழி இருக்கிறது. அந்த நாள் வரும்போது பங்கு பிரியப்போவது பிரிபடாத பாகத்தின் கணக்கில். அன்று 576 என்ற எண் சதுர அடி விலையைவிட அதிகம் பேசும்.

அக்கா கடன் பாக்கி 8 லட்சத்துச் சொச்சத்தை அடைத்தாள். மீதியில் திருச்சியில் வீடு பார்க்கலாம் என்று அத்தான் சொன்னபோது, முதலில் முழு மனைக்கும் வில்லங்கச் சான்று எடுத்துத் தரச் சொல்லுங்கள் என்றாள். இதுவரை இரண்டு ஃபிளாட் பார்த்து, பாகங்களைக் கூட்டிப் பார்த்து, ஒன்றை வேண்டாம் என்றுவிட்டாள்.

தஞ்சாவூர் கட்டடத்தில் இப்போது சங்கம் அந்த மீதி நிலத்தை எழுதித் தரச் சொல்லிக் கட்டுநருக்குக் கடிதம் போட்டிருக்கிறது. முதல் கையெழுத்து பட்டுக்கோட்டைப் பெரியவருடையது. போன மாதம் நான் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். நாலு குழி இன்னும் அதே பெயரில்தான் இருக்கிறது.